மேஸ்திரியின் வயிறு

“அந்த ஆளு வயித்தைப் பாருங்க. நிறைமாசம் மாதிரி இருக்கு. குடிக்காம இப்படி வருமா?” என்று கேட்டார் சங்கச் செயலாளர்.

பண்ணை வாய்க்காலில் பாசி அள்ளுகிற ஆட்கள் சிரித்தார்கள்.

“நாலு எட்டு வச்சா இரைக்குது, தலைவரே. நம்மளை விரட்ட மட்டும் தெம்பு வந்துடுது.”

மேஸ்திரி மீது புகார் ஒன்றுதான். விடிந்தும் விடியாததுமாக, தண்ணீர் பல்லைக் கிட்டவைக்கும் நேரத்தில் ஆட்களை இடுப்பளவு இறக்கிவிடுவார். வெயில் ஏறித் தண்ணீர் இதமாகும் நேரம் பார்த்து, எல்லோரையும் கரையேற்றிப் புல் வெட்ட விடுவார். மண்டை பிளக்கிற வெயிலில்.

“ஏன்னு கேட்டா?”

“சொன்னதைச் செய்யுங்கிறாரு.”

“அதிகாரத் திமிர். அதுக்கு மேல போதை,” என்று தீர்ப்புச் சொன்னார் செயலாளர்.

வேலைநிறுத்தம் நடந்தது. பகலில்தான் தண்ணீரில் இறங்குவோம். குடிகார மேஸ்திரியை நீக்கு.

ரப்பர் பூட்ஸ் கேட்டதற்கு வருஷக்கணக்கில் இழுத்தடித்த முதலாளி, இதற்கு உட்கார்ந்த இடத்திலேயே தலையாட்டினார்.

“உங்க இஷ்டம் தலைவரே. எனக்கு வேலை நடந்தா சரி.”

முதலாளி இவ்வளவு இனிப்பாகப் பேசினால் சங்கத்துக்காரன் நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டும். செயலாளர் கை குலுக்கினார். வெளியே ஆட்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

வேலை போன கையோடு மேஸ்திரி ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் படுத்தார். செயலாளருக்குப் பெருந்தன்மை பொங்கியது. ஆரஞ்சுப் பழங்களுடன், அரை நாள் லீவு போட்டுப் பார்க்கப் போனார்.

“இனியாவது குடியை விடுங்க மேஸ்திரி.”

“குடியா?” என்றாள் மேஸ்திரியின் மனைவி. “இருமல் மருந்து வாடையே ஆகாம துப்புற மனுஷன் தம்பி இவரு.”

பக்கத்தில் நின்ற டாக்டர் சொன்னார்: “சாராயம் இல்லைங்க, புழு. ரத்தக் குழாய்க்குள்ள ஆணும் பெண்ணுமா ஜோடி சேர்ந்து குடித்தனம் பண்ணும். வருஷக்கணக்கா, கட்டிப்பிடிச்சபடியே.”

“எங்க வீட்டுலகூட அவ்வளவு ஒத்துமை இல்லை,” என்றார் மேஸ்திரி, மூச்சு வாங்க. மனைவி முறைத்தாள்.

“அது போடுற முட்டை கல்லீரல்ல சிக்கி, ரத்தம் போற வழியை அடைச்சிடும். வயித்துல தண்ணி கோத்து இப்படி வீங்கும். ரத்தம் சந்துபொந்து தேடிச் சுத்திப் போகும். சந்து வெடிச்சா ரத்த வாந்தி. முட்டையும் அதே வழியில நுரையீரலுக்குப் போய், அங்கேயும் குழாயை அடைக்கும். அதான் இந்த இரைப்பு.”

“புழு எங்கேயிருந்து வந்துச்சு?”

“வாய்க்கால் நத்தையிலேருந்து. தண்ணியில நீந்தி வந்து தோலைத் துளைச்சு உள்ளே போகும். சீக்கிரம் கண்டுபிடிச்சா மாத்திரை போதும். இவரு மாதிரி முத்திட்டா கஷ்டம்.”

செயலாளர் குனிந்து தன் கெண்டைக்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“அந்தத் தண்ணியில நாங்க எல்லாரும்தானே இறங்குறோம்?”

“நான் பாசி அள்ளுன காலத்துல நாள் பூரா இறங்குனேன்,” என்றார் மேஸ்திரி. “நத்தை வெயில்லதான் புழுவைக் கக்குமாம். காலைத் தண்ணியில குறைவாம். டாக்டர் சொன்ன நாள்லேருந்து உங்களைக் காலையில இறக்கி, வெயிலுக்கு முன்னாடி ஏத்துறேன்.”

“இதை எங்ககிட்டச் சொல்லித் தொலைச்சா என்ன?”

“சொன்னா எல்லாரும் பூட்ஸுக்குக் கொடி பிடிப்பாங்க, வாயைத் திறந்தா வீட்டுக்கு அனுப்பிடுவேன்னாரு முதலாளி. நான் வீட்டுக்குப் போயிட்டா உங்களை யாரு கரையேத்துறது?”

ஜன்னலுக்கு வெளியே உச்சி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

செயலாளர் எழுந்து ஓடினார். ஆஸ்பத்திரி வாசலில் ஆரம்பித்த ஓட்டம் வாய்க்கால் கரையில்தான் நின்றது. ஆட்கள் இதமான தண்ணீரில் கழுத்தளவு அமிழ்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

“வெளியே வாங்க. எல்லாரும் உடனே வெளியே வாங்க.”

அதற்கு மேல் பேச்சு வரவில்லை. கண் சிவந்து, கால் தள்ளாடி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்து இரைத்தார்.

தண்ணீரிலிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பாவம், நல்ல மனுஷன். இவரும் குடிக்க ஆரம்பிச்சுட்டாரு.”