போர்வைக்கடியில் ஒரு கை

பழமலையின் வாயில் செருகியிருக்கும் குழாய் வழியாக மெஷின் மூச்சைத் தள்ளுகிறது. நெஞ்சு ஒரே சீராக ஏறி இறங்குகிறது. வயிற்றில் ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள். வேப்பூர் ஆட்டுச்சந்தையில் அவர் வலியால் சுருண்டபோது, "சந்தை முடியட்டும்ணா, ஒரு சோடா குடி" என்று சொன்ன தம்பி ஏகாம்பரம் கட்டிலோரம் நிற்கிறான். ஜன்னலுக்கு வெளியே பீங்கான் ஆலைப் புகைபோக்கியின் மேல் காலை வெயில். "மயக்க மருந்தக் குறைச்சிருக்கோம். கைய அழுத்தச் சொல்லுங்க. அழுத்தினாருன்னா டாக்டரு குழாய எடுக்கறதப் பத்தி யோசிப்பாரு" என்கிறாள் நர்ஸ். ஏகாம்பரத்தின் கை தானாகப் போர்வைக்கடியில் போகிறது. இருவரும் தரகர்கள், துண்டுக்கடியில் விரல் பிடித்தே விலை பேசியவர்கள். அந்தப் பேச்சில் ஆயிரத்துக்கு விரல் உண்டு, ஐந்நூறுக்கும் உண்டு, மன்னிப்புக்கு இல்லை. கையை மொத்தமாகப் பிடித்தால் பேரம் முடிந்தது, உருவிக்கொண்டால் படியவில்லை. ஏகாம்பரம் மொத்தமாகப் பிடிக்கிறான். "நான்தாண்ணா. தப்பு என்னுதுதான்." பழமலையின் விரல்கள் அசைகின்றன. பிறகு ஒவ்வொன்றாக நழுவி, கை உருவிக்கொள்கிறது. "பாருங்க, அசைக்கிறாரு" என்று நர்ஸ் சந்தோஷமாகக் குறித்துக்கொள்கிறாள். அவளுக்குச் சந்தை தெரியாது. "இன்னொரு தரம் கேட்டுப் பாக்கறேங்க" என்று ஏகாம்பரம் மறுபடியும் போர்வைக்குள் கையை விடுகிறான்.