புதன்கிழமைக்கு ஒரே சீட்டு

டிக்கெட் கவுண்டர் கண்ணாடியில் இருந்த சின்னத் துளைக்குக் குனிந்து ஊர்ப் பெயரைச் சொன்னார். டெல்லி.

உள்ளே இருந்த பெண்ணுக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னார்.

நூற்பாலையில் இரவு ஷிப்ட் முடித்தவர் இரண்டு மணி நேரம்கூடத் தூங்கவில்லை. ராஜபாளையத்திலிருந்து மதுரைக்கு ஒரு பஸ். அங்கிருந்து பெருங்குடிக்கு இன்னொன்று. அப்புறம் விமான நிலையம் வரை நடை. வெயில் உச்சந்தலையில் இறங்கியிருந்தது. காலரில் இன்னும் பஞ்சு.

ஐம்பத்து நான்கு வயது. விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

அக்காவுக்கு வியாழக்கிழமை காலையில் இருதய ஆபரேஷன். டெல்லிக்கு வாழ்க்கைப்பட்டுப் போய் முப்பத்தைந்து வருடம் ஆகிறது. அத்தான் இப்போது இல்லை. பிள்ளைகளும் இல்லை.

நேற்று அவளேதான் போன் செய்தாள். டிக்கெட்டைப் போனில் போடாதே, வசதிக் கட்டணம் என்று தலைக்கு இவ்வளவு பிடித்துவிடுவான் என்றாள். விமான நிலையத்துக்கே போய் கவுண்டரில் எடுத்தால் அது கிடையாதாம். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குப் போ, கூட்டம் இருக்காது என்றாள்.

மூன்று மணி என்பதை இரண்டு தடவை சொன்னாள்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தார். மிச்சமாவதில் பாதி பஸ்ஸுக்கே போய்விடும். அக்காவுக்கு இது தெரியாமல் இருக்காது. ஆனாலும் கத்திக்குக் கீழே படுக்கப் போகிறவளிடம் என்னவென்று எதிர்த்துப் பேசுவது.

அந்தப் பெண் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவருக்குப் பின்னால் யாரோ காவலாளியிடம் கவுண்டர் எங்கே என்று கேட்டார்கள்.

அவர் திரும்பவில்லை.

ஆறு வருடம் கேட்காத குரல். ராசாங்கம். தம்பி.

செருப்புச் சத்தம் பக்கத்தில் வந்தது. நான்கடி தள்ளி நின்றுவிட்டது.

அப்பா இறந்தபோது ராசாங்கம் சூரத்தில் ஒரு சாயப்பட்டறையில் வேலையில் இருந்தான். ரயில் ஏறிவிட்டேன், நான் வரும்வரை எடுக்க வேண்டாம் என்று போன் செய்தான். சித்திரை மாதம். ஐஸ் பெட்டி கிடைக்கவில்லை. இனிமேலும் தாங்காது என்றார்கள் உறவுக்காரர்கள். எல்லோரும் மூத்த பிள்ளையான அவர் முகத்தையே பார்த்தார்கள்.

அவர் சரியென்று தலையசைத்தார்.

மறுநாள் விடிந்ததும் தம்பி வந்தான். பையைத் தோளிலிருந்து இறக்காமல் சுடுகாட்டுக்குப் போனான். சாம்பலுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். அப்படியே பஸ் ஏறிவிட்டான். வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அவரை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அதற்கப்புறம் அவன் திண்டுக்கல்லுக்குக் குடிவந்ததைக்கூட அக்கா சொல்லித்தான் தெரியும்.

இப்போதும் அக்காதான் சொல்லி அனுப்பினாளா என்று அவனைக் கேட்கத் தோன்றியது. கேட்க என்ன இருக்கிறது. மணி மூன்று பத்து.

அந்தப் பெண் நிமிர்ந்தாள்.

"நாளைக்கு ஒரே ஒரு சீட்டுதான் சார் இருக்கு. விட்டா வியாழக்கிழமை மத்தியானம்தான்."

சென்னை வழியாக இருக்குமா என்று கேட்டார். அதிலும் இல்லை என்றாள். வியாழக்கிழமை மத்தியானம் கிளம்பினால் டெல்லி போய்ச் சேரச் சாயங்காலம் ஆகிவிடும். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். நல்லபடியாகவோ, வேறு மாதிரியோ.

ஆதார் அட்டையை எடுத்துக் கண்ணாடிக்கு அடியில் நகர்த்தினார். பாதி உள்ளே போயிருந்தது.

விரலை எடுக்க முடியவில்லை.

பின்னால் நிற்கும் தம்பிக்கும் கேட்டிருக்கும். கேட்டுக்கொண்டு அங்கேயே நிற்கிறான். நகரவும் இல்லை, முன்னால் வரவும் இல்லை.

"போட்டுரவா சார்?"

அட்டையைத் திரும்ப இழுத்துக்கொண்டார். கண்ணாடியை விட்டு ஓரமாக விலகி நின்றார். அப்போதுதான் தம்பியின் முகத்தைப் பார்த்தார். முன்தலை வழுக்கையாகியிருந்தது. அவனும் தூங்கியவன் மாதிரி தெரியவில்லை.

"இவனுக்குப் போடும்மா. எனக்கு வியாழக்கிழமை இருந்தாப் போதும்."

ராசாங்கம் அசையவில்லை.

"நீ முந்திப் போ. அவளை உள்ள கொண்டு போறதுக்குள்ள பாத்துரு."

தம்பி என்ன சொல்வான் என்று காத்திருக்கக்கூடத் தெம்பில்லை. சுவரில் சாய்ந்துகொண்டார்.

உள்ளே அந்தப் பெண் கீபோர்டில் கை வைத்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.



ராசாங்கம் முன்னால் வந்தான். தன் ஆதார் அட்டையை உள்ளே தள்ளினான். அவள் கேட்கக் கேட்க பெயரைச் சொன்னான். வயதைச் சொன்னான். தன் செல்போன் நம்பரைச் சொன்னான், அதில் ஒரு எண்ணைத் தப்பாகச் சொல்லித் திருத்தினான்.

"இன்னொரு நம்பர் வேணும் சார். அவசரம்னா கூப்பிடுற மாதிரி."

போன் அவன் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுக்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடியே பத்து எண்களையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். ஒன்றுகூடத் தடுமாறவில்லை.

அவர் சுவரிலிருந்து நிமிர்ந்தார்.

அது அவருடைய நம்பர்.

அந்தப் பெண் தட்டச்சு செய்து முடித்து, திரையில் அடுத்த கட்டத்துக்குப் போனாள்.

"இந்த நம்பர்காரர் உங்களுக்கு என்ன உறவு சார்?"

ராசாங்கம் திரும்பி அவரைப் பார்த்தான்.