அறுபத்தேழு

சிலேட்டை அவள் கணபதிராஜனிடம் கொடுக்கவில்லை. சாய்த்து, அவனுக்கு மட்டும் தெரியும்படி காட்டினாள்.

ஜூலை 10.

தர்மர் சார் கேள்வியை இரண்டாம் முறை வாசித்தார். வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தது எந்த மாதம், எந்தத் தேதி?

கடைசிக் கேள்வி. இதைச் சொல்லிவிட்டால் அவர்கள் ஜோடிக்குத்தான் முதலிடம். முதலிடம் வந்தவர்களுக்கு மதுரையில் நடக்கும் மாதிரித் தேர்வுகளில் ஆண்டு முழுவதும் இலவச இடம்.

அரசு வேலைத் தேர்வுக்காக மருந்துக்கடை மாடியில் நடக்கும் மாலை வகுப்பு அது. மாதக் கடைசியில் பொது அறிவுப் போட்டி. இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும். ஒருவர் சிலேட்டில் எழுதிக் காட்டுவார். மற்றவர் மைக்கில் சொல்வார். வாயால் சொன்னதுதான் கணக்கு. சொன்ன பிறகு சிலேட்டை வகுப்பின் பக்கம் திருப்ப வேண்டும். யார் என்ன நினைத்தார் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பார் தர்மர் சார்.

ஜோடிகளை ஆண்டுத் தொடக்கத்திலேயே சீட்டுக் குலுக்கிப் பிரித்தாயிற்று. மாற்ற முடியாது.

போன மாதம் கேட்டது வேறு. தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது எந்த ஆண்டு?

அவள் 1969 என்று எழுதி அவன் கையில் கொடுத்தாள்.

அவன் 1967 என்றான். அது சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறிய ஆண்டு.

அவன் சிலேட்டைத் திருப்பியபோது அதில் எழுத்தே இல்லை. வெள்ளையாக ஒரு தீற்றல்.

"இவதான் சார் அறுபத்தேழுன்னு எழுதுனா. நம்பிச் சொல்லிட்டேன். வேர்வையில அழிஞ்சிருச்சு."

வகுப்பு சிரித்தது. அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் தர்மர் சார் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து அவளுக்கு அதுவே பெயர்.

"ஏ அறுபத்தேழு, அந்த ஃபேனக் கொஞ்சம் போடு."

"அறுபத்தேழு வந்தாச்சு. ஆரம்பிங்க சார்."

எல்லோரையும்விட அவன்தான் அதிகம் கூப்பிட்டான்.

அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை அப்படித்தான் எழுதினோமோ. கை தவறியிருக்குமோ. கடையில் ஒரு சிலேட்டு வாங்கினாள். 1969 என்று எழுதினாள். உள்ளங்கையை நனைத்து மேலே வைத்தாள். எழுத்து கலங்கியது. அழியவில்லை. மறுபடியும் வைத்தாள். அப்போதும் அழியவில்லை.

தேய்த்தபோதுதான் அழிந்தது.

அதன் பிறகு அவள் அழவில்லை.

இன்று எல்லாம் சரியாகவே போயிற்று. முதல் தமிழ்ப் பேசும்படம் வந்த ஆண்டு, 1931. மாவட்டங்கள், முப்பத்தெட்டு. அவள் எழுதினாள். அவன் சொன்னான். கைதட்டல் அவன் பக்கம் போயிற்று.

"சிலேட்டக் குடு, நான் வச்சுக்கிறேன்."

"இருக்கட்டும்ணே."

திட்டம் எதுவும் போட்டு அவள் வரவில்லை. சிலேட்டைக் கையை விட்டு விடக்கூடாது என்பது மட்டும்தான்.

இப்போது அவன் சிலேட்டைப் பார்த்தான். மைக்கைக் கையால் பொத்தினான்.

"ஜூலையா? மே இல்ல? மே பத்துதான?"

மே பத்து, மீரட் கிளர்ச்சி. வேலூர் அதற்கு ஐம்பத்தோரு ஆண்டு முந்தியது. ஜூலை பத்து. இரண்டிலும் பத்து வரும். தேதிகளை மனப்பாடம் செய்கிற எல்லோரும் வழுக்கி விழுகிற இடம். அவளும் ஒருமுறை விழுந்திருக்கிறாள். அதனால்தான் மறக்கவில்லை.

அவளுக்குத் துளி சந்தேகமும் இல்லை. வாசல் கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்க்கிறவள் அவள். இந்த நிச்சயம் அவளுக்கே புதிதாக இருந்தது.

"நல்லாத் தெரியுமா ஒனக்கு?"

அவன் கண்ணில் முதல் தடவையாக ஒரு கெஞ்சல்.

தலையை ஆட்டினால் போதும். ஜூலை என்று சொல்லிவிடுவான். அவனுக்கும் மதுரை. அவளுக்கும் மதுரை.

பெயர் மட்டும் அறுபத்தேழாகவே இருக்கும்.

"கிளர்ச்சியே முடிஞ்சு போச்சுப்பா. நீங்க இன்னும் தேதி பேசிக்கிட்டிருக்கீங்க," என்றார் தர்மர் சார்.

முன் பெஞ்சுகள் சிரித்தன.

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"சரியாத் தெரியலண்ணே. நீங்க சொல்றதுதான் சரியா இருக்கும்."

அவன் முகம் தெளிந்தது. லேசாகச் சிரித்தான். இவளிடம் போய்க் கேட்டோமே என்கிற சிரிப்பு.

மைக்கிலிருந்து கையை எடுத்தான்.

"மே பத்து, சார்."

சொல்லும்போதே அவனுடைய இன்னொரு கை சிலேட்டுப் பக்கம் நீண்டது.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். சிலேட்டின் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினாள்.

பெரிய எழுத்து. கடைசி பெஞ்சு வரைக்கும் தெரிந்தது.

யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் மெதுவாகக் கேட்டது.

"டேய், அப்ப போன மாசம்?"

கணபதிராஜன் தலை குனிந்துகொண்டான்.

பக்கத்து ஜோடிக்குக் கைதட்டல் விழுந்தது. மதுரைக்கு அவர்கள் போவார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை. கை வலித்தது. இறக்கவில்லை.

தர்மர் சார் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"சரியா எழுதி வச்சிருக்கியேம்மா. அடிச்சுச் சொல்லியிருக்கலாம்ல? அவன் கேட்டிருப்பானே."

"கேட்டிருப்பாரு சார்."

கணபதிராஜன் அப்போதுதான் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.