வேன் டிரைவர்களிடம் கேட்கிற கேள்வி

"உங்க கையால நடந்த தப்பு ஒண்ணு சொல்லுங்க டாக்டர்" என்றாள் என் மனைவி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தத் தடவை கேட்கமாட்டேன் என்று காரில் வரும்போது தலையாட்டியவள்தான்.

டாக்டர் அவளுடைய ரிப்போர்ட்டிலிருந்து தலையைத் தூக்கினார். இடது மார்பில் கட்டி. புற்றுநோய்தான் என்று போன வாரம் உறுதியாகிவிட்டது. வைத்தியத்தைச் சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். யாரிடம் ஆரம்பிப்பது என்பதில்தான் நாங்கள் நின்றுகொண்டிருக்கிறோம்.

இவர் மூன்றாவது டாக்டர்.

என் மனைவிக்குப் பள்ளிக்கூட வேன்களுக்கு டிரைவர் எடுக்கிற வேலை. வருகிறவனின் லைசென்ஸைப் பார்ப்பாள், கண்ணைப் பார்ப்பாள், கடைசியில் இந்தக் கேள்வியைக் கேட்பாள். இத்தனை வருஷத்தில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்று நெஞ்சை நிமிர்த்துகிறவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவாள். ஒரு திருப்பத்தில் இடித்தவன், அந்தத் திருப்பம் வந்தாலே தானாக வேகத்தைக் குறைப்பான் என்பது அவளுடைய நம்பிக்கை.

வேனுக்குச் சரி. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவள் இதைக் கேட்பாளா?

கேட்டாள். முதல் டாக்டர், "நெகட்டிவா யோசிக்காதீங்கம்மா" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் என்னிடம்தான், கட்டி என்னவோ எனக்கு வந்த மாதிரி.

இரண்டாவது ஒரு பெண் டாக்டர். சிரித்துவிட்டுச் சுவரைக் காட்டினார். சுவர் முழுக்க விருதுகள். இவள் ஒவ்வொன்றையும் பொறுமையாகப் படித்தாள். நாற்காலியில் முதுகுக்குப் பின்னால் செருகி வைத்திருந்த கைப்பையை உருவிக்கொண்டு, "ரொம்ப நன்றி டாக்டர்" என்று எழுந்துவிட்டாள்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அங்கேயே சேர்ந்துவிடலாம் என்று கெஞ்சினேன். வேறு யாரிடம் வேண்டுமானாலும் போகலாம், இந்த மூன்றாவது ஆளிடம் மட்டும் வேண்டாம் என்று சண்டையே போட்டேன். இந்த ஆஸ்பத்திரி வாசலை இனி மிதிப்பதில்லை என்று என்றைக்கோ முடிவு செய்தவன் நான். அவள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எனக்குப் பயமாக இருந்தது. நாள் ஓடுகிறது, உள்ளே கட்டி சும்மா இருக்குமா, இவள் ஊரில் உள்ள டாக்டர்களையெல்லாம் இன்டர்வியூ எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். கத்தப்போகிறார், வெளியே போகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ஒருவகையில் அதற்காகக் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

"ஒரு பி.டி. டீச்சர்" என்றார் அவர்.

என் மனைவி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். கைப்பை இங்கேயும் அவள் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

"உங்களுக்கு இருக்கிற அதே வியாதிதான். மருந்து நல்லா வேலை செஞ்சுக்கிட்டிருந்தது. ஒருநாள் முதுகு வலிக்குதுன்னு சொன்னாங்க. நாள் பூரா கிரவுண்டுல ஓடுறவங்க, வலிக்கத்தானே செய்யும்னு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிட்டேன். அன்னைக்கே ஸ்கேன் எடுத்திருக்கணும். அடுத்த தடவை வரும்போது முதுகெலும்பு பூரா பரவியிருந்தது."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, எதிர்க் கட்டடத்தின் குழாய்கள்தான்.

"வெளியில வெயிட்டிங் ஹால்ல பிள்ளைங்க ஓடியாடிச் சத்தம் போடும். அவங்க வாயே திறக்கமாட்டாங்க. ஒரு பார்வைதான், எல்லாம் வரிசையா உட்கார்ந்திடும். இப்பகூட அங்க சத்தம் கேட்டா அவங்க ஞாபகம் வந்துடும்."

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில், சாப்பாட்டு மேஜையில் வளவளவென்று பேசிக்கொண்டிருந்த என்னையும் அது வாயடைக்க வைத்திருக்கிறது.

அப்போது நாங்கள் வேறு ஊரில் இருந்தோம். இவளுடைய அக்காவைக் கூட்டிக்கொண்டு அலைந்ததெல்லாம் அக்கா வீட்டுக்காரர்தான். இந்த டாக்டர் எங்களைப் பார்த்தது கடைசி நாளன்று, அழுகிற கூட்டத்தோடு கூட்டமாக. அடையாளம் தெரிய வழியில்லை. எனக்கு மட்டும் இந்த முகம் மறக்கவே இல்லை. என்றைக்காவது எதிரே மாட்டினால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வைத்திருந்தேன். இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்.

"அந்த டீச்சர் என் அக்கா" என்றாள் என் மனைவி.

டாக்டர் எழுந்திருக்கப் பார்த்தார். பாதியில் திரும்ப உட்கார்ந்துவிட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார், பிறகு அதையே தேடினார்.

இனி எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். கேட்க வந்ததைக் கேட்டாயிற்று, சொல்ல வைக்க வேண்டியதைச் சொல்ல வைத்தாயிற்று. எழுந்தால் நேராக அந்த இரண்டாவது டாக்டரிடமே போய்விடலாம். கார் சாவியைக்கூட எடுத்துவிட்டேன்.

அவள் நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எனக்கும் கொஞ்ச நாளா முதுகு வலிக்குது டாக்டர்" என்றாள், என் பக்கம் திரும்பாமல்.