பார்க்காத பக்கம்

“இப்பல்லாம் எவனும் ஒரு பொருளை முழுசா செஞ்சு விக்கறதில்ல. ஓட்டையோட வித்துடறான். பின்னாடியே இன்னொருத்தன் அடைச்சுத் தர்றேன்னு வந்து நிக்கறான்.”

முனகிக்கொண்டே பெரியவர் தூக்கி வந்த கம்ப்யூட்டர் பெட்டியை மேஜைமேல் இறக்கினார். பழுது பார்க்கும் அந்தக் கடையில் ஒரு பெண் மட்டும்தான் இருந்தாள்.

“என்ன தொந்தரவு, ஐயா?”

“உள்ள ஒரு விளையாட்டு இருக்கு. மண்ணை வெட்டி, கல்லை அடுக்கி, வீடு கட்டிக்கிட்டே இருக்கற எழவு. நின்னு நின்னு ஓடுதாம். வேகமாக்காம வீட்டுப் படி ஏறக் கூடாதுன்னு உத்தரவு.”

“பேரனோட உத்தரவா?” என்று சிரித்தாள்.

“உக்காந்தா எழுந்திருக்கறதில்ல. பக்கத்துல ஒரு ஆள் இருக்கறதே தெரியறதில்ல” என்றார் பெரியவர். நாற்காலியை இழுத்து, அவள் கைகள் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

அவள் பெட்டியைத் தட்டிப் பார்த்து, கடைத் திரையோடு இணைத்து, விளையாட்டை ஓடவிட்டாள்.

“பெட்டி நல்லாத்தான் இருக்கு. விளையாட்டோட கனம்தான் தாங்கல. மோடு போட்டுப் பார்க்கலாம்.”

“அது என்ன?”

“விளையாட்டோட ஒட்டவைக்கற சின்னச் சின்னத் துண்டு, ஐயா. வெளியாளுங்க செஞ்சு இலவசமா தர்றாங்க. சுமையைக் குறைச்சு வேகத்தைக் கூட்டும்.”

“இலவசமாவா? அப்ப எங்கயோ கை வெக்கறான்.”

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. “முதல்ல விளையாட்டுக்குள்ள கட்டியிருக்கற இந்த உலகத்தை ஒரு நகல் எடுத்து வெச்சுக்கறேன்.”

“எதுக்கு, உனக்கா?”

“கெட்டுப்போனா திருப்பி வைக்க.”

“கெட்டுப்போகும்னு உனக்கே தெரிஞ்சிருக்கு.”

திரையில் செங்கல் வீடு ஒன்று எழுந்தது. சுற்றிலும் பூச்செடி, பின்னால் ஆட்டுப் பட்டி, ஓடை, ஓடைமேல் பாலம். அவள் வீட்டுக்குள் நுழைந்து ஒவ்வோர் அறையாகப் பார்த்தாள்.

“எவ்வளவு பொறுமையா கட்டியிருக்கான். ஆனா இவ்வளவு பெரிய வீட்டுல ஒரே ஒரு கட்டில்தான் போட்டிருக்கான், பார்த்தீங்களா?”

“பார்த்தேன்” என்றார் பெரியவர், வெடுக்கென்று.

வீட்டு வாசலில் புறப்பட்டு, பாலம் தாண்டி, மலை வரைக்கும் விளையாட்டில் வரும் ஆளை ஓடவிட்டாள். பாலத்தில் கால் வைத்ததும் படம் உறைந்துபோயிற்று. ஆள் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றான். வேகம் காட்டும் எண் திரை மூலையில் பாதாளத்துக்குப் போயிருந்தது.

“ஒவ்வொரு மோடா போட்டு, இதே வழியில ஓட்டிப் பார்ப்பேன். அப்பதான் எது வேலை செய்யுதுன்னு தெரியும்.”

முதல் மோடைப் போட்டாள். எண் கொஞ்சம் ஏறியது.

“அந்த மலை ஏன் மொழுக்குனு இருக்கு?”

“தூரத்துல இருக்கறதை அரைகுறையா வரையும், ஐயா. கிட்டப் போனா சரியாயிடும்.”

“என் கண்ணு இந்த வேலையை ரொம்ப வருஷமா செய்யுது. அதுக்கு ஒரு ஆளா?”

அதை எடுத்துவிட்டு இரண்டாவதைப் போட்டாள். எண் இன்னும் ஏறியது.

“இவன் எதுல கை வெச்சான்?”

“நாம பார்க்காத பக்கத்தை இது வரையறதே இல்ல. வீண் வேலை மிச்சம்.”

“அப்ப முதுகுக்குப் பின்னாடி ஒண்ணுமே கிடையாதா?”

“திரும்பினா வந்துடும்.”

“திரும்பு.”

திரும்பினாள். ஆட்டுப் பட்டி இருந்தது.

“சட்டுனு திரும்பு.”

இருந்தது.

“அந்தப் பக்கம் திரும்பற மாதிரி போக்குக் காட்டிட்டு, இந்தப் பக்கம் திரும்பு.”

ஆடுகள் நின்ற இடத்தில் நின்றன. ஒன்று புல்லை மென்றபடி பெரியவரைப் பார்த்தது.

“திருட்டுப் பய. நமக்கு முன்னாடி ஓடி வந்து வெச்சுடறான்” என்றார் பெரியவர்.

கடைசியில் நன்றாக வேலை செய்ததை எல்லாம் சேர்த்துப் போட்டாள். ஆள் வழுக்கிக்கொண்டு ஓடினான். பாலம் எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை. மலை உச்சியில் நிறுத்தி, கையை உதறிக்கொண்டாள்.

“முடிஞ்சது, ஐயா. இனிமே எங்கயும் நிக்காது.”

“எங்கயுமேவா?”

“எங்கயுமே.”

“மழை பெஞ்சா?”

மழையைப் பொழியவிட்டுக் காட்டினாள். நிற்கவில்லை.

“ஆடெல்லாம் ஒண்ணா மேல விழுந்தா?”

பட்டியைத் திறந்துவிட்டாள். அப்போதும் நிற்கவில்லை. பெரியவர் முகம் தொங்கிப்போயிற்று.

“இன்னுமா நம்பிக்கை வரல?” அவளுக்கே கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது.

“எல்லாத்தையும் கழட்டிடு. வந்தபடியே குடு.”

“ஐயா, வெச்ச இடத்துல எல்லாம் பத்திரமா இருக்கு. எதுவும் தொலையல.”

“உன் வேலையில குறை சொல்லலம்மா. கழட்டிடு. யாராவது போன் பண்ணிக் கேட்டா, எதைப் போட்டும் சரிப்பட்டு வரலன்னு சொல்லிடு.”

இவருக்கு எதைச் சொல்லி விளங்கவைப்பது என்று தெரியாமல், அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள். பெரியவர் பெட்டியைத் தூக்கித் தோளோடு அணைத்துக்கொண்டார். வாசல் வரைக்கும் போனவர் நின்று திரும்பினார்.

“தானா வேகமாயிடாதே?”

“ஆகாது, ஐயா” என்று பெருமூச்சு விட்டாள். “பேரனை நினைச்சாதான் பாவமா இருக்கு.”

“எனக்கு ஏதும்மா பேரன்? விளையாடறது என் பொண்டாட்டி. அது நிக்கறப்பதான் அவ தலையைத் தூக்கி, ‘சாப்ட்டீங்களா’ன்னு ஒரு வார்த்தை கேக்கறா” என்ற பெரியவர், அது தானாக வேகமாகிவிடாது என்பதை நம்பாமலே பெட்டியை ஒரு முறை குலுக்கிப் பார்த்துவிட்டு நடந்தார்.