வாலில் வைத்த திரி

"வால்ல கை வச்சது நீதானே? சொல்லுடா!"

பவாஸ் போட்ட சத்தத்தில் மாதிரி விமானப் போட்டி நடந்த நாலந்தா மைதானமே திரும்பிப் பார்த்தது. எதிரே நின்ற மதுரன் பதறிப்போனான்.

"பவாஸ், ஒருக்கா நான் சொல்லுறதைக் கேளும்..."

"என்னத்தக் கேக்கச் சொல்ற? ரப்பர முறுக்குற நேரம் ப்ளேனக் கொஞ்சம் பிடிச்சுக்கன்னு உன் கையில குடுத்தேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்! உன் கை வால் பக்கம் போனத அப்பவே பார்த்தேன்."

பவாஸின் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இருந்தது. நாலு மாதமாக லேசான பல்சாப் பலகையைப் பிளேடால் சீவிச் சீவிச் செய்த விமானம் அது. முறுக்கிய ரப்பர்தான் அதற்கு இஞ்சின். வாலுக்கடியில் ஒரு சின்னத் திரி, கொசு விரட்டும் நுளம்புச்சுருளிலோ ஊதுபத்தியிலோ ஒரு துண்டு, புகைந்துகொண்டிருக்கும். இரண்டு நிமிடத்தில் அது நூலொன்றை எரித்து அறுக்கும். வால் மேலே மடங்கி, விமானம் பத்திரமாக இறங்கிவிடும். திரி இல்லையென்றால் வெயிலில் சூடாகி மேலெழும் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும்.

இன்றைக்கு அதுதான் நடந்தது. மூன்று நிமிடமாகியும் இறங்காமல், தென்னைகளுக்கு அப்பால் புள்ளியாகி மறைந்தே போனது. இன்னும் ஒரு சுற்றுப் பாக்கி. விமானம் இல்லாதவனுக்கு வெற்றிக் கிண்ணம் ஏது?

"என் நுளம்புச்சுருள் டாண்ணு ரெண்டு நிமிஷத்துல எரிஞ்சு முடியும். உன் ஊதுபத்தி மாதிரி ஆடி அசைஞ்சு எரியாது. அத உருவிப் போட்டுட்டியேடா பாவி!"

"நான் ஒண்டையும் உருவேல்லை. நீர் அவசரத்திலை..."

"வாய மூடு!"

நேரம் குறித்துக்கொண்டிருந்த ஞானாம்பிகை டீச்சர் குறுக்கே வந்தார். "பவாஸ், அவர் சொல்லுறதைக் கொஞ்சம்..."

"நீங்க சும்மா இருங்க டீச்சர்! என் ப்ளேன் போனா கிண்ணம் இவனுக்கு. அதுக்குத்தான் இவ்வளவும். எனக்கு இல்லாதது இவனுக்கும் வேணாம்!"

அடுத்துப் பறப்பதற்காகக் காலையிலேயே திரி முதற்கொண்டு எல்லாம் பூட்டித் தயாராக மேசையில் வைத்திருந்த மதுரனின் விமானத்தை எடுத்தான். முழங்காலில் வைத்து ஒடித்தான். ஆத்திரம் தீரவில்லை. கீழே போட்டு மிதித்தான்.

மதுரன் குனிந்து துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினான்.

பவாஸின் ஃபோன் அடித்தது.

"தம்பி, நான் மீராசாஹிப், குளத்துக்கு அந்தப் பக்கம் இருந்து பேசுறேன். ஒங்கட ப்ளேன் எங்கட தோட்டத்துல எறங்கி இருக்கு. செறகுல இந்த நம்பர் எழுதி இருந்திச்சு. ஒரு கீறல் இல்ல, பூப்போல எறங்கிச்சு."

பவாஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்! வால் மேல மடங்கியா இருக்கு?"

"ஓம் தம்பி. அதுக்கடியில ஊதுபத்தித் துண்டு ஒன்னு எரிஞ்ச மிச்சம் இருக்கு."

"ஊதுபத்தியா?"

பவாஸின் கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது. காலையில் முறித்துப் போட்ட நுளம்புச்சுருள் துண்டு, பற்றவைக்காமல் அங்கேயே கிடந்தது.

கீழே, மதுரனின் கையில் ஒடிந்த வால் இருந்தது. அதில் ஊதுபத்தித் திரி செருகியிருந்த இடம் வெறுமையாக இருந்தது.