எண்ணெய் காயாத துப்பாக்கி

"துப்பாக்கியக் கீழ வைங்க. மரியாதையா வந்து ஆட்டோல ஏறுங்க."

மோகனப்ரியா வாசலில் நின்று மிரட்டினாள். விமல் அசையவில்லை.

"யாரும் கிட்ட வராதீங்க," என்றான். "எண்ணெய் இன்னும் காயல."

படப்பையில் அவர்களுடைய வாடகை வீட்டில் பொங்கலிலிருந்து இதே கூத்துதான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், அம்மா வீட்டுக்குப் போக மோகனா புடவை கட்டிக்கொண்டு நிற்பாள். புருஷன் துப்பாக்கியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

நிஜத் துப்பாக்கி என்று பயப்பட வேண்டாம். சக்கிமுக்கிக் கல் வைத்த அந்தக் காலத்து மாடல். குழல் அடைத்தே வரும், சுவரில் மாட்டத்தான் ஆகும். கட்டை, பித்தளைத் தகடு, திருகாணி எல்லாம் பெட்டியில் தனித்தனியாக இருக்கும். நாமே தேய்த்து, எண்ணெய் பூசி, பூட்டிக்கொள்ள வேண்டும்.

வாங்கிக் கொடுத்தது மாமியார் அம்சவல்லி. மோதிரம் போடும் மாமியார் உண்டு, வாட்ச் கட்டும் மாமியார் உண்டு. துப்பாக்கி கொடுத்த மாமியார் விமலுக்கு மட்டும்தான் வாய்த்தார்.

விமல் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி சூப்பர்வைசர். எதுவும் அதனதன் இடத்தில் இல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. கடைசியாகச் சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போனபோது, காபித்தூள் டப்பாவில் மிளகு இருந்ததைப் பார்த்துவிட்டான். அன்று சாயங்காலத்துக்குள் எல்லா டப்பாவுக்கும் ஸ்டிக்கர் ஒட்டி, கிரைண்டரையும் சிலிண்டரையும் சுற்றி ஃபேக்டரியில் போடுவது போல் மஞ்சள் பெயிண்டில் கோடு போட்டுவிட்டுத்தான் கிளம்பினான்.

அம்சவல்லி வாசல் வரை வந்து சிரித்த முகமாக வழியனுப்பினாள். அடுத்த வாரமே துப்பாக்கிப் பார்சல் வந்தது.

"அத்தைக்கு நம்ம அருமை தெரிஞ்சிருக்கு," என்று விமல் பூரித்துப் போனான்.

பூரித்தாலும், அந்தச் சமையலறையை மறுபடி பார்க்கும் தெம்பு அவனுக்கு இல்லை. வாரத்துக்கு ஒரு லீவு, அதையும் மிளகைத் தேடிக் கழிப்பதா? ஆகவே துப்பாக்கி முடியக் கூடாது. எண்ணெய் பூசுவான், காய்ந்ததும் "ஃபினிஷிங் சரியில்ல, ரீவொர்க்" என்று உப்புத்தாளால் அவனே தேய்த்து எடுப்பான். கட்டை இளைத்ததுதான் மிச்சம்.

மோகனா போனில் அம்மாவிடம் புலம்பினாள்.

"வுடு கண்ணு," என்றாள் அம்சவல்லி. "மாப்ள நிதானமா செய்யட்டும். அவசரப்படுத்தாத. நீ மட்டும் வந்துட்டுப் போ."

"உனக்கு ரொம்ப நல்ல மனசும்மா. அவரு இல்லாம வந்தா பக்கத்து வூட்ல எங்களுக்குள்ள சண்டைன்னு கதை கட்டிடுவாங்க. கூட்டிக்கினுதான் வருவேன்."

மோகனா சும்மா இருக்கவில்லை. விமல் ஓவர்டைமுக்குப் போயிருந்த ஒரு நாள், எதிர்வீட்டு மாரிசெல்வத்தைக் கூப்பிட்டாள். திருநெல்வேலிக்காரன், இன்னொரு கம்பெனியில் பெயிண்ட் ஷாப்பில் வேலை.

"இது ஒரு வேலையா மதினி? நாங்க முழுக் காரையே மினுக்கி அனுப்புதோம்," என்றவன், தேய்த்தான், பூசினான், ஃபேன் காற்றில் காய வைத்தான், பூட்டினான்.

விமல் வீடு திரும்பியபோது துப்பாக்கி டேபிள் மேல் பளபளத்துக்கொண்டு கிடந்தது.

"செக் பண்ணிப் பாருங்க அண்ணாச்சி," என்றான் மாரிசெல்வம் பெருமையாக.

விமல் டார்ச் அடித்துப் பார்த்தான். நகத்தால் தடவிப் பார்த்தான். ஒரு கீறலாவது கிடைக்காதா என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டான். கிடைக்கவில்லை. நல்ல பீஸை ரிஜெக்ட் செய்ய அவன் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

"ஓகே," என்றான். அழுகையாக வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்கள். வாங்கிக் கொடுத்தவளிடம் காட்ட வேண்டும் என்று மோகனா துப்பாக்கியையும் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டாள். துண்டுக்கு வெளியே குழல் எட்டிப் பார்த்தது. ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக, இறங்க வேண்டிய இடம் வருவதற்கு முன்பே இறங்கிக்கொண்டார்கள். ஷேர் ஆட்டோவில் காலை நீட்டி உட்கார்ந்து போன தம்பதி இவர்கள் மட்டுமாகத்தான் இருக்கும்.

கதவைத் திறந்த அம்சவல்லி மகளைப் பார்த்ததும் மலர்ந்தாள். பின்னால் மாப்பிள்ளையைப் பார்த்தாள். மகள் துண்டைப் பிரித்தாள். அம்சவல்லியின் முகம் வெளுத்துவிட்டது.

"பயப்படாதீங்க அத்தை, சுடாது," என்றான் விமல்.

"முடி... முடிஞ்சிடுச்சா மாப்ள?"

"முழுசா முடிஞ்சிடுச்சும்மா!" மோகனா கை தட்டினாள். "இனிமே வாராவாரம் ரெண்டு பேரும் வந்துடுவோம்!"

அதற்குள் விமலின் குரல் சமையலறையிலிருந்து வந்தது. "அத்தை! கிரைண்டர் கோட்டத் தாண்டி வந்துருக்கு! ஒட்டின ஸ்டிக்கரெல்லாம் இன்னா ஆச்சு? ஒரு மார்க்கர் குடுங்க!"

அம்சவல்லி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். மகளின் கையைப் பிடித்து இழுத்துத் தன் போனை அதில் திணித்தாள்.

"வருஷக்கணக்கா இழுக்கும்னு சொன்னானேடி, துப்பாக்கி வித்த அந்தப் பாவி!" என்றாள் ரகசியமாக. "அவன்கிட்டயே பீரங்கி கீதான்னு பாரு!"